எட்டு மணி நேரம் வேகும் பூட்டு

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையை விட்டு உப்பளங்களின் பக்கம் திரும்பினால் வருகிற முப்பத்தாறு வீட்டுக் குடியிருப்பில், முதல் மாடியில் படிக்கட்டை ஒட்டிய வீட்டில், பிரகாசி ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைக்கிலோ எடைக்கல்லைச் சமைத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது அது எடைக்கல் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவள் பதறவில்லை. இன்னும் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டிருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பத்து நாள் முன்னால்தான், அதை வேகவைத்த சட்டி அவள் வீட்டுக்கு வந்திருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற அம்மா நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறாளே என்று, கப்பலில் வேலை பார்க்கும் மகன் ரொசாரியோ ஏதோ ஒரு குளிர்நாட்டுத் துறைமுகத்தில் வாங்கி, தன் சட்டைகளுக்கு நடுவில் பொதிந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரச் சட்டி அது. முட்டை வடிவில் கனத்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரே ஒரு திருகு. காலையில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள், எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி கப்பலேறிப் போனான்.

எதிர்வீட்டுச் செல்லக்கனி, உப்பளத்தில் வேலை பார்க்கிறவள், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“விசிலு எங்க மைனி?”

“இதுக்கு விசில் கிடையாதாம்.”

“அப்போ வெந்துட்டுன்னு யாரு சொல்லுவா?”

நியாயமான கேள்விதான். அந்தக் குடியிருப்பில் விசில்தான் கடிகாரம். அரிசிக்கு மூன்று, பருப்புக்கு ஐந்து, கொண்டைக்கடலைக்கு எட்டு என்று முப்பத்தாறு வீட்டு விசில்களும் ஒன்றையொன்று இடைமறித்துக் கூவ, ரெண்டு விசில்ல வந்துருதேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவார்கள், நாலு விசில் நேரம் வாசல்ல நின்னு பேசுதா என்று குறை சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சட்டி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, எல்லோருக்கும் அதன்மேல் ஒரு மரியாதையை உண்டாக்கியது.

எடைக்கல் வந்த விதம் சாதாரணமானது. திருவிழா நெருங்கியதால் கறிக்கடையில் கூட்டம். கடைக்காரன் சவரிமுத்து ஒரு கையால் வெட்டி ஒரு கையால் நிறுத்து, வாயால் மூன்று பேருக்குப் பதில் சொல்லி, காலெலும்போடு தராசுக் கல்லையும் சேர்த்து இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டான். பிரகாசி பிரித்துப் பார்க்காமல் பொட்டலத்தை அப்படியே சட்டியில் கவிழ்த்து, இஞ்சியும் சின்ன வெங்காயமும் போட்டு மூடினாள். சாயங்காலம் எலும்புகளுக்கு நடுவில் உருண்டையாக, கரண்டி பட்டவுடன் விலகிக்கொடுக்கும் மெத்தென்ற ஒன்று இருந்தது. அதை அவள் சோற்றில் பிசைந்து சாப்பிட்டாள்.

மறுநாள் சவரிமுத்து அவளைக் கடைவாசலில் நிறுத்திக் கேட்டான்.

“எக்கா, என் அரைக்கிலோக் கல்லு உங்க பொட்டலத்துல வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எடுத்துட்டு வரலையா?”

“சாப்பிட்டுட்டேன் சவரி.”

அவன் கத்தியைத் துடைத்துக் கட்டையில் வைத்தான்.

“எப்படி இருந்துச்சு?”

“ஈரல் மாதிரி. லேசா நார்.”

“அப்போ அந்தத் துருப்பிடிச்ச ஒரு கிலோவையும் கொண்டுபோங்க. எடை சரியில்லன்னு ஆளாளுக்குச் சண்டை போடுதாங்க.”

அப்படித்தான் அது தொடங்கியது. ஏன் இப்படி என்று அந்தக் குடியிருப்பில் யாரும் கேட்கவில்லை. எதைப் போடலாம், எவ்வளவு புளி ஊற்றலாம், யார் முறை எந்தக் கிழமை என்பதே பேச்சாக இருந்தது. செல்லக்கனி உப்புப் பாத்தியில் மிதித்து மிதித்து வெடித்துப்போன ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்தாள், அது கணவாய்த் தொக்காக வந்தது. கீழ்வீட்டுத் தையல்காரி மைமூன் வெட்டாத கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள், அதை முருங்கைக்காய்போல் மென்று சக்கையைத் துப்ப வேண்டியிருந்தது. ஓடாத சுவர்க்கடிகாரம் பல்சக்கரம் பல்சக்கரமாகச் சுண்டலாகப் பிரிந்தது. கம்பி முறிந்த குடை நண்டுபோலக் கால்களை மடக்கிக்கொண்டு சிவந்து கிடந்தது. மிதிவண்டி மணியை இரண்டாக அறுத்தபோது உள்ளே மஞ்சள்கரு கெட்டியாக இருந்தது. விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட ஒருவர் தன் எக்ஸ்ரே படத்தைத் தேங்காய்ப்பாலில் போடச் சொல்லி, ஜவ்வரிசிபோலக் கண்ணாடியாக மிதந்த தன் எலும்பைக் குடித்துவிட்டு, இத்தனை இனிப்பாகவா நான் இருந்தேன் என்று வெகுநேரம் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில மாதங்களில் கைப்பக்குவம் வந்துவிட்டது. இரும்புக்குப் புளி வேண்டும், தோலுக்கு இஞ்சி வேண்டும், பித்தளைக்கு எலுமிச்சை பிழியாவிட்டால் நாக்கு பச்சையாகிவிடும், காகிதத்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் விட்டால் கஞ்சியாகிவிடும், எக்ஸ்ரே படத்தைத் தவிர வேறு பிளாஸ்டிக் எதற்கும் ஆகாது. பங்குச் சாமியாரிடம் தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் தாழ்ப்பாள் குழம்பு சாப்பிடலாமா என்று கேட்டார்கள். அவர் ஒரு கரண்டி வாங்கி ருசித்து, ரத்தம் இல்லாதது மாமிசம் இல்லை என்று தீர்ப்புச் சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். மைமூன் வீட்டுக்காரர் பள்ளிவாசலில் விசாரித்ததில், மூச்சு விடாத பொருளை அறுக்க வேண்டிய கடமை இல்லை என்றார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் படிவத்தோடு வந்தார். மூலப்பொருள் என்ற இடத்தில் ‘வீட்டுச் சாமான்’ என்று பிரகாசி எழுதிக் கொடுக்க, அதற்கு அவருடைய பட்டியலில் இடம் இல்லாததால், படிவத்தை நான்காக மடித்து அவளிடமே கொடுத்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, தேங்காய் அரைத்துவிட்ட கூட்டாக அதைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ரொசாரியோ கடலுக்கு நடுவிலிருந்து தொலைபேசினான்.

“அம்மா, கடையில கேட்டுப் பாத்துட்டேன். வேற யாருக்கும் அது இப்படிச் செய்யலையாம்.”

“அவங்க போட்டுப் பாத்திருக்க மாட்டாங்க” என்றாள் பிரகாசி.

அவளுக்கு அந்தச் சட்டியில் நம்பிக்கை இருந்தது. இரும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிடாமல், தணலுக்கும் குறைவான சூட்டில், விடாமல் அணைத்துப் பிடித்திருந்தால் அது இளகாமல் என்ன செய்யும் என்பது அவளுக்கு எளிதாகவே விளங்கியது. உலகத்தில் பாதிச் சாமான்கள் அவசரத்தால்தான் வேகாமல் கிடக்கின்றன என்று அவள் நினைத்தாள்.

ரொசாரியோ பேசிய அந்த வாரம் புதன்கிழமை செல்லக்கனி படியேறி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லலாமா கூடாதா என்று நின்றாள்.

“மைனி, உங்க அக்கா சனிக்கிழமை சாயங்கால ரயில்ல மும்பைக்குப் போறாங்களாம். மககூடவே இருந்துருவாங்களாம். இனிமே வரமாட்டாங்கன்னு சொல்லுதாங்க.”

பிரகாசி அரிவாள்மணையிலிருந்து நிமிரவில்லை. அவளுடைய அக்கா மிக்கேலம்மாள் அதே குடியிருப்பின் பின்வரிசையில்தான் இருந்தாள். குழாயடியிலும் கோவிலிலும் தினம் பார்த்துக்கொண்டார்கள். பதினான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா செத்த முப்பதாம் நாள், புன்னைக்காயலில் அம்மாவின் வீட்டில், பூசை முடிந்து பந்தி நடந்தது. கடைசி இரண்டு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய பிரகாசிதான் அன்றும் சமைத்தாள். எப்போதாவது வந்துபோன மிக்கேலம்மாள் பரிமாறலாம் என்று வாளியை எடுத்தபோது, பிரகாசி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, ‘நீ விருந்தாளிதான, உக்காந்து சாப்பிட்டுட்டுப் போ’ என்றாள். பந்தி அப்படியே நின்றது. மிக்கேலம்மாள் சாப்பிடாமல் வெளியே போய் நின்று, கடைசி ஆளும் வெளியேறியதும் கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டைப் போட்டாள். அதற்குமேல் பிரகாசி இன்னொரு திண்டுக்கல் பூட்டைப் போட்டாள். ஒரே கதவு, ஒரே நாதாங்கி, இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருத்தி இல்லாமல் மற்றவள் உள்ளே போக முடியாது, இருவரும் சேர்ந்து போவதற்கு இருவரும் பேச வேண்டும். அம்மாவின் கட்டிலும் மாதா படமும் உள்ளே பதினான்கு வருடமாக இருட்டில் இருந்தன.

வியாழக்கிழமை விடிந்ததும் பிரகாசி முதல் பஸ்ஸில் போய், தன் பூட்டை மட்டும் திறந்து, கழற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தாள். மைமூன் வாசலில் நின்றாள்.

“ஒண்ணை மட்டும் கழட்டினா கதவு தொறக்காதே பிரகாசி.”

“கதவுக்காக இல்ல. அக்காகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்க. என் பூட்டை அவிக்கப் போறேன், ரயிலேறுறதுக்குள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

மைமூன் போய்விட்டு வந்தாள். “வெந்தா சொல்லி அனுப்பச் சொல்லுதாங்க” என்றாள். பதினான்கு வருடத்தில் அக்காவிடமிருந்து வந்த முதல் பதில் அது. சுற்றி வளைத்துத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. பிரகாசி பூட்டைப் புளித்தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஏழு துண்டு இஞ்சியோடு சட்டியில் இட்டு, மூடி, திருகைத் திருப்பிவிட்டு, நாற்பது சாப்பாட்டையும் எடுத்துக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனாள்.

அங்கேதான் தவறு நடந்தது. உப்பு விளையும் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. அந்தக் குடியிருப்பில் யார் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாலும் கொதிக்கிறதைத் திறந்து உப்புப் பார்ப்பது மரியாதை. பார்க்காமல் போனால் உன் சமையல் எனக்கு ஒரு பொருட்டில்லை என்று சொன்னதாக அர்த்தம். மற்ற நாட்களில் சாமான் கொடுத்தவர்களே சட்டிக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்து யாரையும் தொடவிடமாட்டார்கள். அன்று காவலுக்கு யாரும் இல்லை. முப்பத்தாறு வீட்டுப் பெண்களுக்கும் இந்தப் பூட்டு நல்லபடியாக வேக வேண்டும் என்று மனசு தவித்தது. ஒவ்வொருத்தியும் மற்றவளுக்குத் தெரியாமல் வந்து, மூடியைத் திறந்து, ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து, பூட்டாச்சே, உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் இழுக்கும் என்று, நல்ல எண்ணத்தோடு ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனாள். திறக்கத் திறக்கச் சூடு பறந்துபோயிற்று. சாயங்காலம் பிரகாசி கரண்டியால் தட்டியபோது பூட்டு டங்கென்றது. சாறு கடல் தண்ணீரைவிடக் கரித்தது.

வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசம். உப்புக் கூடிப்போன செய்தி பரவியிருந்ததால், உப்பை உறிஞ்சட்டும் என்று ஆளுக்கொரு உருளைக்கிழங்கோடு வந்தார்கள். சாயங்காலம் சட்டி நிறைய உருளைக்கிழங்கு. அடியில் பூட்டு, வளையத்தில்கூட ஒரு நெளிவு இல்லாமல், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்ததுபோல் இருந்தது.

பிரகாசி முதல்முறையாகச் சட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். செல்லக்கனி தலையைச் சொறிந்தாள்.

“நான் ஒரே ஒருக்காதான் மைனி போட்டேன்.”

“எல்லாரும் ஒரே ஒருக்காதான் போட்டிருக்கீங்க” என்றாள் பிரகாசி.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, பூட்டைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மைமூன் முன்னால் வந்தாள். பின்னால் மிக்கேலம்மாள், பயணத்துக்கு எடுத்து வைத்திருந்த புதுச்சேலையோடு, மூச்சிரைக்க நின்றாள். நேரே பிரகாசியைப் பார்க்காமல் மைமூனைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு பூட்டை அவிக்க ரெண்டு நாளு. இவ அம்மைக்குச் சமைச்சுப் போட்டாளாம்.”

வாசலில் கூடியிருந்த பெண்கள் யார் வீட்டிலிருந்தோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பிரகாசியின் வாயில் ‘வா, உக்காரு’ என்ற வார்த்தைகள் வந்துவிட்டன. வந்தவர்களுக்கெல்லாம் சொல்கிற வார்த்தைகள். அவள் அவற்றை விழுங்கினாள். நாற்காலியைக் காலால் ஒதுக்கிவிட்டு, இஞ்சித் துண்டையும் கத்தியையும் அக்காவின் முன்னால் நீட்டினாள்.

“இஞ்சி சீவணும்.”

மிக்கேலம்மாள் கத்தியைப் பார்த்தாள். பிறகு வாங்கினாள். புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் அமர்ந்து, தோலை மட்டும் மெல்லியதாக, அம்மா சீவுகிற மாதிரியே சீவினாள். பூட்டு சட்டிக்குள் போயிற்று. மூடி விழுந்தது. அப்போது செல்லக்கனி தன்னை அறியாமல் மூடியை நோக்கிக் கையை நீட்ட, மிக்கேலம்மாள் கத்தியின் பிடியால் அந்தக் கையைத் தட்டினாள்.

“தொட்ட, உன்னையும் சேத்து அவிச்சிருவேன். நாப்பது சாப்பாட்டையும் இன்னைக்கு நீங்க கொண்டுபோங்க. போங்க எல்லாரும்.”

குடியிருப்பே கீழே இறங்கிப் போயிற்று. பிரகாசி கேஸ் அடுப்பில் சோறும் குழம்பும் வைத்து வாசலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மிக்கேலம்மாள் சட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். இருவருக்கும் நடுவில் கண்ணாடி மூடியில் ஆவி திரண்டு, துளியாகி, வழிந்து, மறுபடி திரண்டது. ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டு மணி நேரம் போயிற்று. திறந்து பார்க்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது, கிண்டுவதற்கு ஒரு கரண்டிகூடக் கையில் இல்லை. மூன்றாவது மணி நேரத்தில் மிக்கேலம்மாள் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“விருந்தாளின்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“எத்தனை பேர் முன்னால.”

“பந்தியில முப்பது பேரு. பரிமாறினவங்க நாலு.”

“எண்ணி வச்சிருக்க.”

“தினமும் எண்ணுதேன்.”

ஆவி திரண்டு வழிந்தது.

“உன் அத்தானுக்குக் கால் எடுத்த வருசம் அது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சேன். அதனாலதான் அம்மைகிட்ட வரமுடியல. அது உனக்குத் தெரியாது” என்றாள் மிக்கேலம்மாள்.

பிரகாசி அடுப்பை அணைத்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். அக்காவே அந்தக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்க்கா. தெரிஞ்சேதான் சொன்னேன்.”

மிக்கேலம்மாள் திரும்பி, பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, தங்கையின் முகத்தை முழுசாகப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் பிரகாசி நினைத்தாள். அவள் எழவில்லை. எழுந்தால் சட்டிக்குக் காவல் இருக்காது. வெகுநேரம் கழித்து, “நானும் உன்னை ஒண்டியா விட்டுட்டுத்தான் இருந்தேன்” என்றாள். அதற்குப் பிறகு மெள்ள மெள்ள, சூடு ஏறுவதுபோல, மற்றப் பேச்சுகள் வந்தன. அம்மா கடைசியில் யார் பெயரைச் சொன்னாள், ரொசாரியோவுக்குப் பெண் பார்க்கிறார்களா, மும்பையில் மகள் வீட்டு ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா. தெரியாதாம். பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டுமாம்.

இரண்டு மணிக்கு மூடியைத் திறந்தார்கள். பூட்டின் வளையம் இறால்போலச் சுருண்டிருந்தது, உடல் வெந்த பலாக்கொட்டைபோலப் பிளந்து, உள்ளே இருந்த நெம்புத் தகடுகள் மீன்முள்போல வரிசையாகத் தெரிந்தன. பிரகாசி ஒரே தட்டில் சோறு போட்டாள். மிக்கேலம்மாள் பிசைந்து, முதல் உருண்டையைத் தங்கையின் வாயில் கொடுத்துவிட்டு, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு மென்றாள்.

“உப்பே இல்ல” என்றாள்.

“யாரும் போடல.”

மிக்கேலம்மாள் சிரித்தாள். சிரித்ததில் புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, அதைத் துடைக்காமலே இரண்டாவது உருண்டையை உருட்டினாள். தட்டு காலியாகும்வரை இருவரும் முள் எடுத்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

கை கழுவிய பிறகு மிக்கேலம்மாள் இடுப்பிலிருந்து தன் சாவியை எடுத்தாள். தருகிறாள், தன் பூட்டையும் அவிக்கச் சொல்கிறாள் என்று நினைத்துப் பிரகாசி சட்டியைப் பக்கத்தில் இழுத்தாள்.

“அதைத் தள்ளி வை. என் பூட்டு அங்கேயே கிடக்கட்டும். வீடுன்னு இருந்தா ஒரு பூட்டாவது வேணும்லா” என்றாள் மிக்கேலம்மாள். “வருசத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் விடு. உப்புக்காத்து அரிச்சிரும்.”

“நீ வரும்போது?”

“நான் வரும்போது நீ உள்ள இருக்கணும். வாசல்ல நிக்க வச்சுராத.”

சாவியைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு படியிறங்கினாள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பே ரயிலடி வரை போயிற்று. பிரகாசியும் போனாள்.

திரும்பி வந்ததும் செல்லக்கனி படிக்கட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்த முறைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். திங்கள் மைமூன் வீட்டு இஸ்திரிப்பெட்டி, செவ்வாய் ஒரு பழைய தராசு, புதன்கிழமை காலியாக இருந்தது.

“அந்தச் சாவியை எப்போ போடுவோம் மைனி? புதன் வச்சுக்கிடலாமா?”

பிரகாசி கையைப் பிரிக்காமலே சொன்னாள்.

“அது வேகாது.”

எடைக்கல் வெந்ததை நம்பியதுபோலவே செல்லக்கனி இதையும் நம்பித் தலையாட்டிவிட்டு, புதன்கிழமைக்கு நேராகத் தன் பழைய உப்புவாரிப் பலகையை எழுதினாள்.